நீச்சற் பயிற்சியும் சிறுவர் காவலும்

நீந்துதல் விளையாட்டு மாத்திரமன்று. உயிர் காக்கும் கல்வியுமாம். 2021ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 3,00,000 மக்கள் நீரில் மூழ்கி மாண்டனர் என்றும், அவருள் நாலில் ஒரு பங்கினர் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. ஆதலின் சிறார்க்கு நீச்சல் கற்பித்தல் வேண்டுமென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், கற்பிக்கும் இடமே கேடு விளையும் இடமாகாதவாறு காப்பது எங்ஙனம் என்பதை நம்மிற் பலர் சிந்திப்பதில்லை. விடுமுறை நாட்களில் சிறுவர்க்கு நீச்சல் பழக்கச் செல்லும் மாணவ நண்பர்களைக் கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

நம் ஊர்களில் நீச்சல் கற்பித்த பழைய முறை யாவரும் அறிந்ததே. தந்தையோ மாமனோ சிறுவனது இடுப்பிற் கயிற்றைக் கட்டி, அல்லது முதுகில் உலர்ந்த சுரைக்குடுக்கையைப் பிணைத்து, அவனைக் கிணற்றில் இறக்குவார். கயிற்றின் மறுமுனை அவர் கையிலிருக்கும். கண் அச்சிறுவன்மேலேயே இருக்கும். அம்முறையிற் குறைகள் உளவேனும், ஒரு சிறுவனுக்கு ஒரு காவலர் என்னும் சிறப்பு அதற்கு உண்டு.

பலரை ஒருங்கே கூட்டிக் கற்பித்தல் வேறு வகைத்து. 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டெட்ராயிட் நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில், ஜார்ஜ் கார்சன் என்பார் மாணாக்கரைக் குழுவாக நிறுத்தி, கைகால் அசைவுகளை முதலில் தரையிலேயே பழக்கிப் பின்னர் நீரில் இறக்கினார். ஓர் ஆசிரியர் குறுகிய காலத்திற் பலரைக் கற்பிக்க இம்முறை வழி செய்தது. ஆயின், ஒருவனது காலசைவைத் திருத்துங்கால் ஏனையோர் ஆசிரியர் பார்வையினின்று நீங்கிவிடுகின்றனர். குழுப் பயிற்சியின் பேரிடர் இதுவே.

மூழ்குபவன் கூக்குரலிட்டுக் கைவீசி உதவி கேட்பான் என்று நாம் எண்ணுகின்றோம். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. நியூயார்க் நகரத்துக் கடற்கரைக் காவலராயிருந்த பிராங்க் பியா என்பார், மூழ்கும் மக்களைப் படமெடுத்து ஆராய்ந்து, 1974இல் தம் முடிபுகளை வெளியிட்டார். மூச்சிழுக்கவே இயலாதவன் குரலெழுப்ப இயலான். அவன் கைகள் தாமாகவே பக்கங்களில் விரிந்து நீரை அமுக்கும். உடல் நிமிர்ந்து நிற்கும். இருபது முதல் அறுபது விநாடிக்குள் அவன் அமிழ்ந்துவிடுவான். அருகிலிருப்பார் இதனை விளையாட்டென்றே கருதுவர்.

இதனை யாமே ஒருமுறை கண்டு நடுங்கினோம். சில ஆண்டுகளுக்கு முன், நண்பர் இருவரேம் ஒரு குளத்திற் பன்னிரு சிறுவர்க்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தோம். ஒரு சிறுவனை மிதக்கச் செய்வதில் இருவரும் ஈடுபட்டிருந்த வேளையில், கரையில் துணிகளுக்குக் காவலிருந்த முதியவர், "தம்பிமாரே! பதினோரு தலைதானே தெரிகிறது?" என்றார். திடுக்கிட்டுத் தேடினோம். நான்கு முழத் தொலைவில், தரை சரிந்த இடத்தில், ஒரு பிள்ளை நீரின் கீழ் இருந்தான். தூக்கியதும் இருமி அழுதான், பிழைத்தான். யாம் எந்த ஒலியும் கேட்டிலோம். எண்ணிப் பார்த்தவரோ நீந்தவே அறியாதவர்!

அன்று கற்றதனின்று சில நெறிகளைக் கூறுவோம்.

முதலாவது, கற்பிப்பவர் வேறு, காப்பவர் வேறாக இருத்தல் வேண்டும். காப்பவர் கரையில் நின்று, நீரின் மேற்பரப்பையும் அடியையும் பத்து விநாடிக்கொருமுறை முற்றும் நோக்குதல் வேண்டும். அவர் கற்பித்தலும், உரையாடலும், கைப்பேசியைப் பார்த்தலும் ஆகா.

இரண்டாவது, "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்னும் பழமொழியை ஆசிரியரே முதலிற் கைக்கொள்ளல் வேண்டும். குளமாயின், மண்ணெடுத்த பள்ளமும் சேறும் உளவோவென்று தாமே இறங்கி நடந்து பார்த்து, குழுவிற் குட்டையானவனது மார்பளவிற்கு மேற்படாத இடத்தைக் கயிறு கட்டி வரையறுத்தல் வேண்டும். ஆழமான பக்கத்தில் ஆசிரியர் நின்று, எவர்க்கும் முதுகு காட்டாதிருப்பாராக. தொடக்க நிலைச் சிறுவராயின் ஆசிரியர் ஒருவர்க்கு நால்வரே போதும். முறை வருமளவும் ஏனையோர் கரையிலமர்ந்திருக்கட்டும்.

மூன்றாவது, சிறுவரை இருவர் இருவராக இணைத்தல் வேண்டும். ஊதல் ஒலித்தவுடன் இணைகள் கைகோத்து உயர்த்த, ஆசிரியர் எண்ணுவார். இறங்குமுன்னும், இடையிடையேயும், ஏறிய பின்னும் எண்ணுதல் தவறலாகாது.

நான்காவது, காற்றடைத்த மிதவைகளைக் காவலென்று நம்பற்க. அவை நழுவும், காற்றிழக்கும். மூச்சடக்கும் போட்டிகளையும் விலக்குக. விரைந்து பலமுறை மூச்சிழுத்து மூழ்குவோனது உடலிற் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சுவிட வேண்டுமென்னும் உணர்ச்சியை எழுப்புவது அவ்வாயுவே. ஆதலின், அவ்வுணர்ச்சி எழுமுன்னரே அவன் நினைவிழப்பான்.

ஐந்தாவது, நீண்ட கழியும் கயிறும் கரையில் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். தத்தளிப்பவனைக் காக்கப் பிற சிறுவர் பாய்தலாகாது; கழியை நீட்டுக, கயிற்றை எறிக. கரையேற்றியவன் மூச்சின்றிக் கிடப்பின், வயிற்றை அமுக்குதலும் தலைகீழாகச் சுழற்றுதலும் பெருந்தவறு. அவற்றாற் காலம் வீணாகும். வயிற்றிலுள்ளன மூச்சுக்குழலிற் புகவுங்கூடும். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சூதி, பின் மார்பை முப்பது முறை அழுத்தி இருமுறை ஊதுதலை இடைவிடாது செய்க. அதே வேளையில் மற்றொருவர் 108 என்னும் எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். இம்முறையைத் தக்கார்பாற் பழகாதவர் எவரும் சிறுவர்க்கு நீச்சல் கற்பிக்க முற்படலாகாது.

நண்பர்காள்! தாய்மார் தம் மக்களை நம்மை நம்பியே நீர்க்கரைக்கு அனுப்புகின்றனர். ஒரு கோடையில் எத்துணைப் பேரை நீந்தச் செய்தோம் என்று மகிழ்தல் தக்கதே. ஆயினும், காலையில் எண்ணி இறக்கியவரை அவ்வெண் குறையாமல் வீட்டிற்கு அனுப்புதலே நமது முதற்கடன் என்பதை மறவாதிருப்போமாக.