ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் வீரருக்குச் சம்பளம் யார் தருவது? சட்டம் சொல்வது என்ன?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து எல்லை ஊர்களில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் ராணுவத்தில் இருக்கலாம். அவருக்கு லெபனானிலோ தெற்கு சூடானிலோ ஐ.நா. பணி கிடைத்தால் இரண்டு கேள்விகள் வரும். சம்பளம் டாலரிலா? நம்ம ராணுவப் பணத்தை வெளிநாட்டில் செலவு பண்ணலாமா?

சம்பளம் யார் தருவது?

இந்திய அரசுதான். திருவனந்தபுரம் பாங்கோடு முகாமில் இருந்தாலும், காங்கோவில் இருந்தாலும் சம்பளம் பாதுகாப்பு பட்ஜெட்டிலிருந்தே வரும். ஒரு வீரருக்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா. பிறகு அரசுக்கு ஈடுகட்டும். 2018 ஜூலையில் அது 1,428 டாலர். 2022இல் சற்று உயர்ந்தது. சிறு தினப்படி மட்டும் வீரருக்கு நேரடியாகக் கிடைக்கும்.

சட்டம் எங்கே கட்டுப்படுத்துகிறது?

அரசியல் சாசனத்தின் 113ஆவது பிரிவுப்படி மக்களவை மானியக் கோரிக்கையை ஏற்க வேண்டும். 114ஆவது பிரிவுப்படி ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஒதுக்கியது போதாவிட்டால் 115ஆவது பிரிவின்படி துணை மானியம் கேட்க வேண்டும். ஐ.நா.வுக்கான சந்தா வெளியுறவு அமைச்சகக் கணக்கில் வருகிறது. பாதுகாப்புக்கு வாங்கிய பணத்தை இஷ்டத்துக்கு அங்கே திருப்ப முடியாது. செலவைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்ப்பார்.

அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டம் உண்டு. ஐ.நா. அமைதிப்படைக்கான தன் பங்கைப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் கட்டக் கூடாது என்று 1996இல் தடை போட்டது. நம்மிடம் அப்படித் தனித் தடை இல்லை.

அப்போ, படை அனுப்ப நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வேண்டுமா?

வேண்டாம். முடிவு மத்திய அரசுடையது. நாடாளுமன்றத்தின் கடிவாளம் பணத்தில்தான். 1987 ஜூலை 29 ஒப்பந்தப்படி இலங்கைக்குப் போன அமைதிப்படை ஐ.நா. படை அல்ல. அதனால் ஐ.நா. ஈடு எதுவும் இல்லை. 1990 மார்ச்சில் திரும்பும்வரை செலவும், சுமார் 1,200 வீரர்களின் உயிரிழப்பும் இந்தியாவின் தலையில்தான்.

ஐ.நா. பணம் தாமதமானால்?

2019 மார்ச் நிலவரப்படி ஐ.நா. இந்தியாவுக்குத் தர வேண்டியது 3.8 கோடி டாலர். உறுப்பு நாடுகள் சந்தாவைத் தாமதித்தால் இப்படித்தான் பாக்கி ஏறும். அதற்காக வீரரின் சம்பளம் நிற்காது. அதுவரை சுமப்பது நம் கஜானா. ஆகவே சம்பளத்திலோ பென்ஷனிலோ சந்தேகம் வந்தால் ஐ.நா.வைத் தேட வேண்டாம். முதலில் அவருடைய யூனிட்டையோ, மாவட்ட சைனிக நல அலுவலகத்தையோ கேளுங்கள்.