தெரு அகலமாகும், நடக்க இடம் இருக்குமா?

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்துக்கு இலக்கு ஆண்டு 2026. மூன்றாவது திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இந்த நேரத்தில் வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “எங்கள் தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம். இடிக்க எப்போது வருவார்கள்?”

பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் போவீர்கள். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத் திட்ட அனுமதி கேட்கும் நாளில், சாலைக்கெனக் கோடு போட்ட துண்டு நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். கைக்குப் பணம் வராது. ஈடாகக் கூடுதல் பரப்பு கட்டும் உரிமை கிடைக்கும். கையகப்படுத்தும் செலவு அரசுக்கு மிச்சம். கட்டுபவருக்கும் அகலமான சாலை லாபம்தான். 2019-ம் ஆண்டுக் கட்டிட விதிகளின்படி, வழக்கமாக அனுமதிக்கும் கட்டிடப் பரப்புக்கு மேல் கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்பு, அதாவது ‘பிரீமியம் எப்.எஸ்.ஐ.’, 9 மீட்டர் சாலையில் 30 சதவீதம், 12 மீட்டரில் 40, 18 மீட்டரில் 50.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் ஒரு தெருவில் எல்லோரும் ஒரே ஆண்டில் வீடு கட்டுவதில்லை. ஒரு மனை பின்வாங்கும். பாகப்பிரிவினை முடியாத பக்கத்து வீட்டுச் சுவர் முன்னே நிற்கும். விட்ட இடத்தில் கார் வந்து நிற்கும், டிரான்ஸ்பார்மர் ஏறும். பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸை உரசி நடக்கும். இந்த நிலை இருபது, முப்பது ஆண்டுகள் நீளலாம்.

இதைவிட என்னை உறுத்துவது ‘சாலை அகலம்’ என்பதற்கு விதி தரும் பொருள். நடைபாதை, வடிகால் எல்லாம் சேர்த்து எல்லைக்கு எல்லை அளந்தால் அகலம். ஒரு சாண் நடைபாதைகூட இல்லாத 18 மீட்டர் சாலையும் 18 மீட்டர் சாலைதான். அந்த 50 சதவீதமும் உண்டு. சாலையை அகலப்படுத்தினால் விபத்து குறையும் என்கிறார்கள். அகலத்தில் எவ்வளவு நடப்பவருக்கு என்று எழுதாதவரை அதை நான் ஏற்க மாட்டேன். நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸ். போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. தானமாகப் பெறும் நிலத்தில் முதல் 1.8 மீட்டர் நடைபாதைக்கே என்று பத்திரத்திலேயே எழுதிவிட என்ன தடை?

கடிதங்களில் வந்த வேறு சில கேள்விகள். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையமான கும்டா என்ன செய்யும்? பஸ், மெட்ரோ, புறநகர் ரயிலை ஒருங்கிணைக்க வேண்டும். அதற்கென 2010-ல் வந்த சட்டம் 2019-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

வீடு கட்டும் எண்ணமே இல்லையென்றால்? இந்த வழியில் உங்கள் நிலம் போகாது.

ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம்? 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, முழுமைத் திட்ட வரைவு வெளியானதிலிருந்து 2 மாதத்துக்குக் குறையக் கூடாது. தெருவின் பெயரைக் குறிப்பிட்டு, நடைபாதை எத்தனை மீட்டர் என்று கேட்டு எழுதுங்கள்.