எந்த மாத்திரை, யாருக்கு?



மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும். தேறியபின் மறுபடியும் தாக்கும். இத்தாக்குதல்களைக் குறைக்க 1993 முதல் ஊசி மருந்துகள் உண்டு. 2010 முதல் மாத்திரைகளும் வந்துள்ளன. முக்கியமான மூன்று இவை:

பிங்கோலிமோட் (2010): தினம் ஒன்று. ஆய்வுகளில் தாக்குதல்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. முதல் மாத்திரைக்குப்பின் இதயத்துடிப்பு குறையக்கூடும் என்பதால் 6 மணி நேரம் கண்காணிக்கவேண்டும்.

டெரிஃபுளூனமைட் (2012): தினம் ஒன்று. குறைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முதல் 6 மாதம் மாதந்தோறும் கல்லீரல் சோதனை தேவை. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கலாகாது.

டைமெத்தில் ஃபியூமரேட் (2013): தினம் இருவேளை. பலன் ஏறக்குறையப் பாதி. முகம் சிவக்கலாம், வயிறு உபத்திரவப்படலாம். வெள்ளையணுக்களைச் சோதித்துவர வேண்டும்.

எதுவும் நோயை முற்றிலும் நீக்குவதில்லை. ஆகவே இதயநோய் உண்டா, பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கிறாரா என்று விசாரித்தே மருந்தைத் தெரிந்தெடுக்கிறோம். பணமின்றித் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. பிங்கோலிமோட்டை அப்படி விட்டால் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும். உங்கள் காணிக்கை மாத்திரைக்கு மட்டுமல்ல, இச்சோதனைகளுக்கும் வேண்டியிருக்கிறது.

இந்நோயாளிகளை ஜெபத்தில் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.