படகு எஞ்சின் புறப்படாவிடில் செய்யத்தக்கவை

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில், மீனினம் பெருகும் பொருட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையோரம் நிறுத்தி வைக்கப்படுகின்றன. தடை நீங்கிய அன்று, ஐஸும் வலையும் ஏற்றி ஆட்களும் ஏறிய பின்னர் எஞ்சின் புறப்பட மறுக்குமாயின், அன்றைய தொழிலும் போய், வாங்கிய ஐஸும் கரைந்துபோகும். சங்கத்தில் பெற்ற கடனின் தவணையோ காத்திராது. அவ்வேளையில் பதற்றங்கொண்டு சாவியை ஓயாமல் திருப்புவோர் பலர். அதனால் பாட்டரியும் தீர்ந்து, ஒரு குறை இரண்டாகிறது. வரிசை தவறாமல் சோதித்தால், பெரும்பாலும் மெக்கானிக் வருமுன்னரே குறை வெளிப்பட்டுவிடும்.

ஜெர்மானியரான ருடால்ப் டீசல் என்பார் 1897-ல் ஓட்டிக் காட்டிய முறையிலேயே இவ்வெஞ்சின்கள் இயங்குகின்றன. இவற்றில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரிலுள்ள காற்று, 16-ல் ஒரு பங்கு அல்லது 20-ல் ஒரு பங்காக ஒடுக்கப்படும்போது 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதில் சீறிப் பாயும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே வேண்டுவன மூன்று: வேகமான சுழற்சி, சுத்தமான எண்ணெய், குறைவற்ற காற்றழுத்தம்.

முதலாவது, சுழற்சி. எஞ்சின் சுற்றாமலோ மந்தமாகச் சுற்றினாலோ பாட்டரியைப் பார்க்க வேண்டும். அதன் முனைகளில் உப்புப் பூத்திருந்தால், கம்பிகளைக் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, மறுபடி இறுக்கிக் கிரீஸ் தடவுக. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டலாகாது. இடையில் ஆறவிடுதல் அவசியம்.

இரண்டாவது, எண்ணெய். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் புகைக்குழாயில் புகையே தோன்றாவிடில், எண்ணெய் சிலிண்டரை எட்டவில்லை என்று அறியலாம். தொட்டியில் எண்ணெய் உண்டா, அதன் குழாய் திறந்திருக்கிறதா, எஞ்சினை நிறுத்தும் கைப்பிடி இழுத்தபடியே கிடக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்க. பாதி காலியான தொட்டியில் ஈரம் படிந்து நீராகும். நீர் டீசலினும் கனமாகையால் அடியில் தங்கும். வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து அதனை வடித்துவிடுக.

எண்ணெய்க் குழாயினுள் காற்றுப் புகுந்திருப்பதும் உண்டு. காற்று நசுங்கும் தன்மையது. பம்பின் விசை அதனை நசுக்குவதிலேயே கழிவதால் எண்ணெய் சீறுவதில்லை. வடிகட்டியின் மேல்திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால் நுரை வரும்; குமிழியற்ற எண்ணெய் வரும்வரை அழுத்திப் பின்னர்த் திருகை இறுக்குக. எஞ்சின் சுற்றுகையில் உயரழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தடவலாகாது. அங்கே சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும்; அவ்வாறு நேரின் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, காற்றழுத்தம். வெண்புகை வந்தும் எஞ்சின் புறப்படாவிடில், எண்ணெய் சேர்ந்தும் எரியவில்லை என்பது பொருள். எண்ணெயில் நீர் இல்லையெனில் வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

படகை நிறுத்தும் நாளிலேயே தொட்டியை நிரப்பி, பாட்டரியைக் கழற்றி அவ்வப்போது சார்ஜ் செய்துவந்தால் இத்தொல்லைகளிற் பல நேரா. வடிகட்டிகளைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கி வைத்து, படகுக்கு ஒருவரேனும் இச்சோதனையைப் பழகிக்கொள்வது அங்கத்தினர் அனைவர்க்கும் இலாபமாகும்.