ஒன்றரை இலட்சம் கிலோமீட்டர் ஓடிய சொகுசு வண்டி: வாங்கலாமா?

புதிதாக வந்தபோது 80 இலட்ச ரூபாய்க்கு விற்ற டீசல் எஸ்.யூ.வி. வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 9 ஆண்டு. ஓடிய தூரம் 1,50,000 கிலோமீட்டர். கேட்கும் விலை 16 இலட்சம். அந்தப் பணத்துக்கு நடுத்தரமான புதிய கார் ஒன்றும் கிடைக்கும். உங்கள் கையில் இருப்பதோ பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம். என்ன செய்வீர்கள்?

"இவ்வளவு ஓடிய வண்டியா? வேண்டவே வேண்டாம்" என்பார் ஒருவர். "இந்த எஞ்சின் ஐந்து இலட்சம் ஓடும், தைரியமாக வாங்குங்கள்" என்பார் மற்றொருவர். இருவரும் ஓடோமீட்டரில் உள்ள ஒரே எண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று முதலில் காண்போம்.

ஒரே தூரம், வேறு உழைப்பு

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். நம் வண்டி பூமியை மூன்றே முக்கால் முறை சுற்றிவிட்டது எனலாம். சக்கரத்தின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால், ஒவ்வொரு சக்கரமும் சுமார் ஆறரைக் கோடி முறை உருண்டிருக்கிறது.

ஆனால் எஞ்சினின் உழைப்பு தூரத்தை மட்டும் பொறுத்ததன்று. நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 36 விநாடி ஆகும். அதற்குள் 1,200 சுற்றுகள். நகர நெரிசலிலோ சராசரி வேகம் 20 கிலோமீட்டர்தான். சிக்னலில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து எஞ்சின் சராசரியாக நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றாலும், ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம், அதாவது 3,600 சுற்றுகள். நகரத்துக் கிலோமீட்டர் ஒன்று, நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் மூன்றுக்குச் சமமாகிவிடுகிறது!

இது மட்டுமன்று. இரவெல்லாம் நின்ற எஞ்சினில் ஆயில் கீழே வடிந்திருக்கும். குளிர்ந்த நிலையில் அது கெட்டியாகவும் இருக்கும். ஆகவே கிளப்பிய முதல் சில நிமிடங்களில்தான் உராய்வும் தேய்மானமும் மிகுதி. நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் சென்று நிற்கும் எஞ்சின் சூடேறும் முன்பே அணைக்கப்படுகிறது. திருச்சிக்கும் சென்னைக்குமாக ஓடிய வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. எனவே 60,000 கிலோமீட்டர் ஓடிய நகரத்து வண்டியைவிட 1,50,000 கிலோமீட்டர் ஓடிய நெடுஞ்சாலை வண்டி நல்ல நிலையில் இருப்பதும் உண்டு.

வண்டிக்குள் பல கடிகாரங்கள்

வண்டி என்பது ஒரு பொருளன்று. ஆயிரக்கணக்கான பாகங்களின் கூட்டம். ஒவ்வொரு பாகமும் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது. டயர், பிரேக், சக்கரத்துப் பேரிங் ஆகியவற்றின் கடிகாரம் கிலோமீட்டரால் ஓடுகிறது. இரப்பர் குழாய், புஷ், ஆயில் சீல் ஆகியவற்றின் கடிகாரம் ஆண்டுகளால் ஓடுகிறது. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் இரப்பரைத் தின்றுகொண்டே இருக்கும். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தால் அதற்கு இரண்டு கடிகாரமும் உண்டு. எது முதலில் முடிகிறதோ அப்போது மாற்ற வேண்டும். தவறி அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிச் சிதையும்.

சொகுசு வண்டியில் இக்கடிகாரங்கள் அதிகம். இவ்வகை வண்டிகள் பலவற்றில் இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த இரப்பர்ப் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. பயணம் மெத்தென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பையின் மடிப்புகளில் வெடிப்பு விழுந்து காற்றுக் கசியும். அதை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். இறுதியில் அதுவும் கருகும். சிறிய பழுது பெரிய பழுதை அழைத்து வருகிறது.

டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆயிலைக் காலத்தில் மாற்றாதவரின் வண்டியில் முதலில் அடிபடும் பாகங்களுள் இது ஒன்று. புகைபோக்கியில் கரியை வடிக்கும் வடிகட்டி இருந்தால், சேர்ந்த கரி ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டும். குறுகிய நகரப் பயணத்தில் அந்தச் சூடு கிட்டாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

எடையையும் மறக்கலாகாது. 2,400 கிலோ எடையுள்ள வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 9 இலட்சத்து 26 ஆயிரம் ஜூல். ஒருமுறை முழுதாக நிறுத்தினால், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் பிரேக்குகளில் இறங்குகிறது. 1,000 கிலோ எடையுள்ள சிறிய காருக்கு இது ஒன்றேகால் லிட்டர் அளவுதான். பிரேக்கும் டயரும் ஏன் விரைவில் தேய்கின்றன என்பது விளங்குகிறதல்லவா?

விலை இறங்கும், உதிரிப் பாகத்தின் விலை இறங்காது

இதுதான் பலரும் காணத் தவறும் இடம். வண்டியின் விலை 80 இலட்சத்திலிருந்து 16 இலட்சமாக இறங்கியது. அதன் கியர் பெட்டியோ, டர்போவோ அப்படி ஐந்தில் ஒரு பங்காக இறங்கவில்லை. நீங்கள் வாங்குவது 16 இலட்ச வண்டி. பராமரிக்க வேண்டியதோ 80 இலட்ச வண்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றுப்பைத் தொகுதி, டர்போ, தானியங்கிக் கியர் பெட்டி, எரிபொருள் ஊசிகள் ஆகிய நான்கும் பெருஞ்செலவு வைப்பவை. ஒவ்வொன்றையும் சீர்செய்ய 2 இலட்சம் என்றும், அடுத்த மூன்று ஆண்டில் ஒவ்வொன்றும் பழுதாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றும் கொள்வோம். நான்கில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் நான்கும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு என்ன? முக்காலை நான்கு முறை பெருக்கினால் 256-இல் 81. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அதாவது ஒரு பெருஞ்செலவாவது வரும் என்றே எதிர்பார்க்க வேண்டும். இரண்டுக்கு மேல் பழுதாகும் வாய்ப்போ 256-இல் 13, நூற்றுக்கு ஐந்து. ஆகவே இரண்டு பழுதுக்கான 4 இலட்சத்தைத் தனியே எடுத்து வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

இனி, முந்தைய உரிமையாளர் ஒழுங்காகப் பராமரித்ததால் ஒவ்வொரு பழுதின் வாய்ப்பும் பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று கொள்ளுங்கள். எதுவுமே பழுதாகாத வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்துவிடும். பராமரிப்பு ரசீதுகளின் கட்டு ஓடோமீட்டரைவிட மதிப்பு வாய்ந்தது என்பதன் பொருள் இதுவே.

விலை ஏன் குறைந்தது?

மலிவுக்குக் காரணம் பழுதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாதென்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன் விளைவாக அங்கிருந்து நல்ல வண்டிகள் பலவும் குறைந்த விலைக்குப் பிற மாநிலங்களுக்கு வந்தன. ஆனால் வேற்று மாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்று, நம் மாநிலச் சாலை வரி, மறுபதிவு ஆகியவை உண்டு. அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

வேறொரு மலிவு ஆபத்தானது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கலாம். மின் இணைப்புகளுக்குள் புகுந்த நீர் பல மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்பில் துரு, விரிப்பின் கீழ் வண்டல், மக்கிய வாடை இவற்றைக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது

காலையில் செல்லுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏனென்று கேளுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியின் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காற்றுப்பை கசிகிறது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்பும் வெண்புகை அடர்ந்து வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே போகிறதா என்று சோதிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பு. பாலாடைபோல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. கியரை மாற்றியதும் வண்டி தாமதித்து உதறுகிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரத்தில் செய்தது. 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்னும் பழைய வண்டியில் நான்கு டயரும் புத்தம் புதியதாக இருந்தால் ஐயம் கொள்ள இடமுண்டு. பெடலின் இரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் தேய்ந்திருந்தால் மேலும் ஐயம். பல வண்டிகளில் ஓடிய தூரம் வேறு மின்னணுப் பெட்டிகளிலும் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும். வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான பதிவையும் கேளுங்கள். காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடிவாக, 1,50,000 என்னும் எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், 16 இலட்சம் என்னும் எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ரசீதுகள் ஒழுங்காக இருந்து, அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் அருகில் இருந்து, பழுதுக்கான பணமும் தனியே இருந்தால் தாராளமாக வாங்கலாம். கையிலிருக்கும் கடைசி ரூபாயையும் விலையாகக் கொடுத்துவிட்டு வாங்குவதானால் வேண்டாம். உங்களிடம் 16 இலட்சம் இருக்கிறதா? 12 இலட்ச ரூபாய் வண்டியைத் தேடுங்கள். மீதி 4 இலட்சமும் அந்த வண்டியின் விலையே; தவணை மட்டும் பின்னால் வருகிறது.