வேர்க்கும் வெயிலும் வேர்க்காத வெயிலும்

கோடை விடுமுறைக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் காலம் வந்துவிட்டால், நம் சங்கக் கூட்டங்களில் ஒரு பட்டிமன்றம் தானாகவே தொடங்கிவிடும். எந்த வெயில் கொடியது? சென்னை வெயிலா, ஜோத்பூர் வெயிலா? இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவரும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. ‘அங்கே பிசுபிசுப்பு’ என்பார் ஒருவர். ‘இங்கே அடுப்பு’ என்பார் இன்னொருவர். காபி வந்ததும் சபை கலைந்துவிடும்.

நான் 1991-இல் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவன். இரண்டு வெயிலிடமும் ஒவ்வொரு தடவை ஏமாந்திருக்கிறேன். இரண்டு தடவையும் அதற்கு விலை கொடுத்தது நான் அல்ல. முதல் தடவை என் அப்பா, அடுத்த தடவை என் அம்மா. ஊரிலிருந்து பெரியவர்களை அழைத்து வரப்போகும் அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1994 மே மாதம் அப்பா மயிலாப்பூரிலிருந்து முதன்முறையாக இங்கு வந்தார். மறுநாள் காலை பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “44 டிகிரின்னு போட்டிருக்கான். ஒரு பொட்டு வேர்வை இல்லையே! மெட்ராஸுக்கு இது எவ்வளவோ தேவலைடா” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஏதோ ஜோத்பூரை நானே கட்டி வைத்தவன் போல! மூன்று நாள் குடையைப் பிடித்துக்கொண்டு கோட்டை, கடைத்தெரு என்று சுற்றினார். தண்ணீர் கொடுத்தால், “தாகமே இல்லையே” என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தலைவலி என்று படுத்தார். எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்பதை அப்போதுதான் சொன்னார். ஆட்டோ பிடித்து ஓடினோம். இரவு முழுவதும் சலைன் ஏறியது. “அப்பாவுக்கு வேர்க்கவே இல்லையே டாக்டர்” என்று நான் சொன்னதும், டாக்டர் அப்பாவின் நீலச் சட்டையைக் கையில் எடுத்துக் காட்டினார். முதுகிலும் கக்கத்திலும் கோலம் போட்டாற்போல் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். “வேர்க்கவில்லை என்று யார் சொன்னது? வேர்த்தது, வேர்த்தவுடனே காய்ந்துவிட்டது. அவ்வளவுதான்” என்றார்.

பாலைவன வெயிலின் சூது முழுவதும் அந்தச் சட்டையில் இருந்தது. நம் உடம்புக்கு உள்ள பெரிய குளிர்சாதனம் வேர்வைதான். ஆனால் வேர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை. வேர்வை ஆவியானால்தான் குளிரும். 1 லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் சென்றுவிடும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வேர்வை எடுத்துச் செல்வது மிகச் சொற்பம். வறண்ட காற்று வேர்வையைத் தோன்றிய இடத்திலேயே குடித்துவிடுகிறது. உடம்பும் குளிர்கிறது, ஆனால் எவ்வளவு நீர் போயிற்று என்ற கணக்கு நமக்குத் தெரிவதில்லை. வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியும் குறைவு. அப்பா ஏமாந்தது இதனால்தான்.

அடுத்த கதை 1998-இல் சென்னையில் நடந்தது. இங்கே ஜன்னலில் மாட்டிய கூலர்தான் எங்கள் குடும்பத்தைக் கோடைதோறும் காப்பாற்றும் தெய்வம். ஈரத் தட்டி வழியே காற்று வரும்போது நீர் ஆவியாகி, காற்றின் சூடு பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். இந்தச் சுகம் அம்மாவுக்கும் கிடைக்கட்டும் என்று, விடுமுறைக்குப் போனபோது ஒரு கூலர் வாங்கி அம்மா படுக்கும் அறையில் வைத்தேன். வெளிச் சூடு உள்ளே வரக் கூடாதென்று ஜன்னல்களை இறுக்கச் சாத்தினேன். நிம்மதியாகக் கூடத்தில் போய்ப் படுத்தேன்.

விடியற்காலை எழுந்து பார்த்தால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். புடவை தெப்பமாக நனைந்திருக்கிறது. சுவரில் தொங்கிய காலண்டர் தாள்கூட ஈரத்தில் சுருண்டுவிட்டது. கூலரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, ஈரத்துணியால் முகம் கழுத்தெல்லாம் துடைத்த பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு சீரானது. “ராத்திரியே என்னை எழுப்பக் கூடாதா அம்மா?” என்று கேட்டேன். “நீ ஆசையா வாங்கி வெச்சே. அதை எப்படிடா நிறுத்தறது?” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

சென்னைக் காற்றில் ஏற்கெனவே கடலின் ஈரம் நிறைந்திருக்கிறது. மூடிய அறையில் கூலர் அதில் மேலும் ஈரத்தைச் சேர்த்தது. அம்மாவின் வேர்வை ஆவியாகப் போக இடமில்லாமல் வழிந்துகொண்டே இருந்தது. உடம்பு நீரையும் இழந்தது, குளிரவும் இல்லை.

பட்டிமன்றத்துக்கு விஞ்ஞானம் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. ஜோத்பூரில் 44 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 23 டிகிரிதான். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அது சுமார் 30. ஆக, பேப்பரில் 8 டிகிரி குறைவாகத் தெரியும் சென்னை, வேர்வைக்கு 7 டிகிரி கடினமான ஊராகிவிடுகிறது! ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் மனித உடம்பு தாங்காது என்று 2010-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவோ, ஈரச் சூட்டில் 31-க்குச் சற்றுக் கீழேயே உடம்பு திணறத் தொடங்குகிறது என்றது. வறண்ட கடுஞ்சூட்டில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிட்டது. காற்று எவ்வளவு குடிக்கத் தயாராக இருந்தாலும், உடம்பு சுரக்கக்கூடிய வேர்வைக்கும் ஓர் அளவு உண்டல்லவா?

எனவே பாலைவனத்தாரும் மார்தட்ட வேண்டாம். இங்கிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று. சென்னையும் சாமானியமல்ல. கடற்காற்று உள்ளே வரத் தாமதித்தால் அங்கும் அனல்தான். 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்டது. வானிலைத் துறையும் இரண்டு ஊரையும் ஒரே கோலால் அளப்பதில்லை. வெப்ப அலை என்று சொல்லச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி வேண்டும், கடற்கரையில் 37 போதும்.

அங்கே அக்னி நட்சத்திரம் என்றால் இங்கே நௌதபா. அங்கே கம்பங்கூழில் மோர் ஊற்றிக் குடித்தார்கள். இங்கேயும் கம்பு மாவையும் மோரையும் சேர்த்துக் காய்ச்சிய ‘ராப்’ குடிக்கிறார்கள். இரண்டு ஊர்ப் பாட்டிகளும் பேசி வைத்துக்கொண்டாற்போல!

அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். இங்கு வரும் பெரியவர்களுக்குத் தாகம் எடுக்கிறதா என்று கேட்காதீர்கள். மணிக்கொரு தடவை நீர்மோரோ தண்ணீரோ கையில் கொடுத்து, குடிக்கும்வரை நில்லுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் மஞ்சளாகப் போனாலோ குறைந்தாலோ அதுவே எச்சரிக்கை. சோர்ந்துவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம். இங்கே பகலில் ஜன்னலைச் சாத்துங்கள், ஆனால் கூலர் ஓடினால் காற்று வெளியேற ஒரு வழி விடுங்கள். சென்னையில் கூலரை மறந்துவிட்டு, காற்றோட்டத்தையும் மின்விசிறியையும் நம்புங்கள். எந்த ஊரானாலும், உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எது கொடிய வெயில் என்று இப்போது என்னைக் கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நமக்குப் பழகாத வெயில்தான் கொடியது. அதைவிட, நம் மனம் நோகுமே என்று வாய் திறக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கூலர் இன்னும் சென்னை வீட்டுப் பரணில் இருக்கிறது. விற்றுவிட எனக்கு மனம் வரவில்லை.