கண் வைத்தாளும் ஹியர்வித்தும்

"ஐ லைக் வெரி மச் போளி" என்று பையன் எழுதியிருந்தான்.

விஷயத்தில் குற்றமே கிடையாது. திருவனந்தபுரத்துச் சாப்பாட்டில் போளிமேல் பால் பாயசத்தை விட்டுக் குழைத்துச் சாப்பிட்டவன் வேறெப்படி எழுதுவான்? ஆனால் நான் சிவப்புப் பென்சிலால் 'வெரி மச்'சைச் சுற்றி வட்டம் போட்டு, அங்கிருந்து ஓர் அம்பை வளைத்து 'போளி'க்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன்.

"ஏன் மாமா? அர்த்தம் புரியறதே?"

வலியசாலை அக்ரகாரத்தில் எங்கள் திண்ணையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் உட்காருவார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பரீட்சைக்கு இங்கிலீஷ். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் டைப் அடித்துவிட்டு வந்தவன் நான். இலக்கணம் படித்தவன் இல்லை, இலக்கணத்திடம் அடிபட்டவன். அர்த்தம் புரிகிறதே என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. ரென் அண்ட் மார்ட்டினை எடுத்துக் காட்டினேன். வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் இருந்தால், எப்படிச் செய்தான் என்று சொல்லும் வார்த்தை அதற்கும் பின்னால்தான் வரும் என்று அதில் இருக்கிறது. ஏன் என்று இல்லை.

தப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். நாம் 'இங்கிலீஷ் நல்லாப் பேசுவேன்' என்கிறோம். 'நல்லா' என்பது 'பேசுவேன்' மடியில் உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் வினை முன்னால் வரும் என்று பிள்ளை கற்றுக்கொண்டதும் வாக்கியத்தை அப்படியே கண்ணாடியில் திருப்பிப் போடுகிறான்: 'ஐ ஸ்பீக் வெல் இங்கிலீஷ்.' வரிசை தலைகீழாகிவிட்டது, மடியிலிருந்தவர் மட்டும் இறங்கவில்லை.

ஆகவே ஒரு சித்தாந்தம் தயார் செய்தேன். பொருள் எது என்று காட்ட நமக்கு 'ஐ' இருக்கிறது, இரண்டாம் வேற்றுமை உருபு. போளியை மெதுவாகச் சாப்பிட்டேன், மெதுவாகப் போளியைச் சாப்பிட்டேன், எங்கே தூக்கிப் போட்டாலும் 'ஐ' ஒட்டிக்கொண்டு கூடவே போகும். இங்கிலீஷ்காரனுக்கு ஒரு காலத்தில் அந்த மாதிரி உருபுகள் இருந்தன, தேய்ந்துபோய்விட்டன. அதனால் பொருள் வினையின் கையைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், விட்டால் தொலைந்துவிடும். அவனுக்கு மிஞ்சியது 'நான்' என்கிற 'ஐ' ஒன்றுதான் என்று ஒரு சிலேடையும் சேர்த்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கிள்ளிப்பாலம் பக்கத்திலிருந்து வருகிற மலையாளிப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஸாரே, ஞங்ஙள் 'காப்பி பதுக்கெ குடிச்சு' என்னல்லே பறயுந்நது? அதில் 'ஐ' எவிடே?" உண்மைதான். மலையாளத்தில் உயிரில்லாத பொருளுக்கு அந்த உருபைப் பெரும்பாலும் போடுவதில்லை. இருந்தும் 'பதுக்கெ' தாராளமாக நடுவில் வந்து உட்காருகிறது. அவ்வளவு தூரம் போவானேன், 'இங்கிலீஷ் நல்லாப் பேசுவேன்' என்பதிலேயே 'ஐ' இல்லையே. என் சித்தாந்தம் என் வாயாலேயே கெட்டது.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நம்மிடம் அசையாத ஜோடிகளே கிடையாதா? உண்டு. 'குழந்தைமேல் கண் வைத்தாள்' என்றால் திருஷ்டி. 'கண்ணை மெதுவாக வைத்தாள்' என்றால் ஏதோ கண்ணாஸ்பத்திரி சமாசாரம். 'அவன் பணத்தில் கை வைத்தான்' என்பதில் கைக்கும் வைத்தானுக்கும் நடுவில் 'நன்றாக' என்று போட்டுப் பாருங்கள், திருடன் நல்லவனாகிவிடுவான். 'நன்றாகக் கை வைத்தான்' என்றால்தான் திருட்டு திருட்டாக இருக்கும். தொகைகள் எல்லாம் ஒரே சொல்லைப் போல நடக்கும் என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். ஒரே சொல்லின் வயிற்றுக்குள் இன்னொரு சொல்லை எப்படி நுழைப்பது?

எங்கள் ஊருக்கே இப்படி ஒரு ஜோடி சொந்தம். முதலாம் ராஜராஜன் கல்வெட்டுகள் அவன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த'தைச் சொல்கின்றன. அந்தச் சாலை எங்கள் வலியசாலைதான் என்று பலரும் சொல்கிறார்கள். இங்கே சிவன் கோயிலின் பெயரும் காந்தளூர்தான். கலம் என்றால் கப்பலா, சாப்பாட்டுக் கலமா என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். கலமும் அறுத்ததும் அவ்வளவு இறுகிவிட்டது, பிரித்துப் பார்க்கவே ஆளுக்கொரு கத்தி வேண்டியிருக்கிறது.

மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னேன்: நமக்குச் சில ஜோடிகள்தான் 'கண் வைத்தாள்' மாதிரி. இங்கிலீஷில் வினையும் பொருளும் சேர்ந்தால் எல்லா ஜோடியுமே 'கண் வைத்தாள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விரலை விடாதே. முன்னால் போடு, 'ஐ ஸ்லோலி ஏட் த போளி'. இல்லையா, பின்னால் போடு, 'ஐ ஏட் த போளி ஸ்லோலி.' 'ஏன்' என்பதற்கு இது பதில் ஆகாது. ஆனால் கை எழுதும்போது ஞாபகம் வருகிறது, அது போதும்.

காரணம் தேடியவர்கள் பிரெஞ்சுப் பக்கம் போனார்கள். பிரெஞ்சிலும் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு தேய்ந்துபோனதுதான். ஆனால் அங்கே 'ஜெ ப்வா சுவான் து காஃபே' என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை போனால் 'குடிக்கிறேன் அடிக்கடி காப்பி'. நடுவில் 'அடிக்கடி', யாரும் வட்டம் போடமாட்டார்கள். 1978இல் ஜோசப் எமண்ட்ஸ், 1989இல் ழான்-ஈவ் பொல்லோக் என்ற மொழியியலாளர்கள் இதை விளக்கினார்கள். பொருள் நகரவில்லை, வினைதான் நகர்கிறது என்பது அவர்கள் கட்சி. பிரெஞ்சு வினை தன் இடத்தை விட்டு எழுந்து 'அடிக்கடி'யைத் தாண்டி முன்னால் போய் உட்காருகிறது. இங்கிலீஷ் வினை எழுந்திருப்பதில்லை. ஷேக்ஸ்பியர் காலம்வரை அதுவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருந்தது. 'ஐ நோ நாட்' என்று அன்றைக்கு 'நாட்'டைத் தாண்டிய வினை, இன்றைக்கு 'ஐ டூ நாட் நோ' என்று 'டூ'வை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கிறது. வயசானால் அப்படித்தான்.

ஆகவே பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளும் என் பையன் செய்த அதே தப்பைச் செய்கிறார்கள். கனடாவில் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் பதினொன்று, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளை வைத்து லிடியா வைட் என்பவர் பார்த்து 1991இல் எழுதினார். நடுவில் போடாதே என்று வகுப்பில் தனியாகச் சொல்லிக்கொடுத்ததும் திருத்திக்கொண்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. என் சிவப்புப் பென்சிலின் ஆயுளும் அவ்வளவுதான் போலிருக்கிறது.

இனி என் சொந்த வழக்கு. 1984. வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலதிகாரி ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்தார்: 'வி ஃபார்வர்ட் ஹியர்வித் த ஃபாலோயிங் டாக்குமெண்ட்ஸ்', அதன்கீழே பதினோரு இனங்கள். 'ஹியர்வித்' நடுவில் நிற்கிறதே என்று, இலக்கணம் தெரிந்த கர்வத்தில், பதினோராவது இனத்துக்குப் பின்னால் கொண்டுபோய் அடித்தேன். தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் மை ஊறும்படி ஒரே ஒரு கேள்விக்குறி. கார்பன் காப்பி மூன்றோடு மறுபடி முதலிலிருந்து அடித்தேன்.

அவர்தான் சரி. பொருள் நீளமாக இருந்தால் இங்கிலீஷ் கதவைத் திறந்துவிடுகிறது. சின்னச் சொல்லை நடுவில் விட்டு, பாரத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறது. இல்லாவிட்டால் 'ஹியர்வித்' வருவதற்குள் படிக்கிறவன் 'ஃபார்வர்ட்' பண்ணியதையே மறந்திருப்பான். 'தட்' போட்டு ஒரு முழு வாக்கியமே பொருளாக வந்தாலும் அப்படித்தான்: 'ஐ ரிமெம்பர் க்ளியர்லி தட்' என்று தொடங்கினால் யார் வட்டம் போடுவார்கள்? போளி ஒற்றைச் சொல், அதனால் மாட்டிக்கொண்டது.

இதையும் திண்ணையில் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த வாரம் நோட்டைத் திறந்தால் பையன் எழுதியிருக்கிறான்: 'ஐ ஏட் ஸ்லோலி த போளி விச் மை பாட்டி மேட் வித் நெய் அண்ட் கடலைப்பருப்பு ஃபார் மை கஸின்ஸ் பூணூல்.'

"நீளம் போறுமா மாமா?"

ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பேனாவால் டிக் போட்டேன்.